டிராக்டரின் முன்பாரம்: சுமை ஏற்றும் இணைப்புகளைத் தேர்தலும் பேணுதலும்

பாரவண்டி ஓட்டிப் பழகிய உழவர்கள் முன்பாரம், பின்பாரம் என்னும் இரு சொற்களை நன்கறிவர். நெல்மூட்டைகளை அச்சுக்கு முன்னே மிகுதியாக அடுக்கினால் நுகத்தடி மாடுகளின் கழுத்தை அழுத்தும். பின்னே மிகுதியானால் நுகம் மேலெழுந்து பூட்டுக்கயிறு கழுத்தை இறுக்கும். வண்டியில் உள்ள பாரம் எவ்வளவு என்று கேட்பதோடு, அது அச்சிலிருந்து எவ்வளவு தொலைவில் உள்ளது என்றும் கேட்டறிந்த பின்னரே வண்டிக்காரர் மாட்டை அதட்டுவார். நெம்புகோல் தத்துவத்தைப் பள்ளியில் பயிலாமலே கைவரப் பெற்ற அறிவு இது. டிராக்டரின் முன்னே சுமை ஏற்றும் கைகளைப் பூட்டும் இக்காலத்தில் அவ்வறிவு முன்னிலும் மிகுதியாகத் தேவைப்படுகிறது.

பாலக்காடு மாவட்டத்தில் சித்தூர், கொழிஞ்சாம்பாறை, முதலமடை முதலிய எல்லைப் பகுதிகளிலும், இடுக்கி மாவட்டத்தில் மறையூர், வட்டவடை, உடும்பஞ்சோலை ஆகிய மலைப்பகுதிகளிலும் ஆள் கிடைப்பது அரிதாகி வருகிறது. தொழுவத்து எருவை டிரெய்லரில் ஏற்றவும், குளத்து வண்டலை அள்ளவும், வைக்கோல் கட்டுகளை அடுக்கவும் டிராக்டர் லோடரை நாடுவோர் பலர். அவர்கள் கள அலுவலரிடம் கேட்கும் முதற் கேள்வி, "எந்த பக்கெட் நாள்பட உழைக்கும்?" என்பதே. பட்டறைக்காரர் இதற்குக் கூறும் விடை எளியது: தகட்டின் கனத்தைக் கூட்டிவிடலாம் என்பார். இவ்விடை பாதியளவே சரியானது. மற்றப் பாதி டிராக்டரின் முன் அச்சையும், சில வேளைகளில் ஓட்டுநரின் உயிரையும் காவு கொள்ளக்கூடியது.

லோடர் என்பது யாது?

டிராக்டரின் உடற்சட்டத்தில் பொருத்தப்பட்ட இரு நீண்ட கைகளும், அவற்றை உயர்த்தும் ஹைட்ராலிக் சிலிண்டர்களும், கைகளின் நுனியில் மாட்டப்படும் பக்கெட், முள்வாரி, கட்டுத்தூக்கி போன்ற இணைப்புகளும் சேர்ந்ததே லோடர். நம் சிற்றூர்களில் மண் அள்ளும் எவ்வியந்திரத்தையும் "ஜே.சி.பி." என்றே அழைக்கின்றனர். அது ஜோசப் சிரில் பாம்ஃபோர்டு என்னும் ஆங்கிலேயரின் பெயர்ச் சுருக்கம். 1945-இல் சிறு பட்டறையில் டிரெய்லர் செய்யத் தொடங்கிய அவர், 1949-இல் வெளியிட்ட "மேஜர் லோடர்" என்பது டிராக்டரில் மாட்டக்கூடிய ஹைட்ராலிக் லோடரே. ஆனால் இன்று சாலையோரங்களில் நாம் காணும் ஜே.சி.பி. அந்த வேலைக்கென்றே வடிவமைக்கப்பட்ட இயந்திரம். அதன் அச்சும் சட்டமும் அதற்கேற்ற வலிமை உடையவை. உழவு டிராக்டரோ பின்னால் கலப்பையை இழுக்கப் பிறந்தது. அதன் பின்சக்கரங்கள் பெரியவை, முன்சக்கரங்கள் சிறியவை. அதன் முன்னே சுமையை ஏற்றுவது, இழுப்பதற்குப் பழகிய மாட்டின் கொம்பில் மூட்டையைத் தொங்கவிடுவது போன்றது.

ஒரு கணக்கு

ஆசிரியர்கள் வகுப்பிலும் செய்து காட்டத்தக்க ஒரு மாதிரிக் கணக்கைப் பார்ப்போம். எண்கள் எந்த ஒரு நிறுவனத்தின் டிராக்டரையும் குறிப்பன அல்ல.

டிராக்டரின் எடை 2,000 கிலோகிராம். அதில் முன் அச்சில் 800, பின் அச்சில் 1,200. இரு அச்சுகளுக்கும் இடையே 2 மீட்டர். லோடர் கைகளும் பக்கெட்டும் சேர்ந்து 400 கிலோகிராம்; இவ்வெடை முன் அச்சுக்கு 0.7 மீட்டர் முன்னே செயற்படுகிறது எனக் கொள்வோம். பக்கெட்டில் 500 கிலோகிராம் மண். அது முன் அச்சுக்கு 1.5 மீட்டர் முன்னே உள்ளது. முன் அச்சைத் தராசின் நடுமுள்ளாகக் கொண்டால், முன்னே சாய்க்கும் திருப்புதிறன் 500 × 1.5 = 750, 400 × 0.7 = 280, ஆக மொத்தம் 1,030. இதை 2 மீட்டரால் வகுத்தால் 515 கிலோகிராம். இந்த அளவு எடை பின் அச்சிலிருந்து தூக்கப்பட்டு முன் அச்சுக்கு மாறுகிறது. எனவே பின் அச்சில் எஞ்சுவது 685. முன் அச்சில் சேர்வது 2,215. ஏற்றிய மண் 500 கிலோகிராம்தான். ஆனால் முன் அச்சு சுமப்பது முன்னைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு!

இனி, பட்டறையில் தகட்டின் கனத்தைக் கூட்டுவதன் விளைவைக் காண்போம். ஒரு சதுர மீட்டர் பரப்பும் ஒரு மில்லிமீட்டர் கனமும் கொண்ட எஃகுத் தகட்டின் எடை 7.85 கிலோகிராம். மூன்று சதுர மீட்டர் தகடு கொண்ட பக்கெட்டை 6 மில்லிமீட்டருக்குப் பதிலாக 10 மில்லிமீட்டர் தகட்டால் செய்தால் 94 கிலோகிராம் கூடும். மேற்கண்ட நெம்புகோல் முறையால் முன் அச்சுக்கு அது சுமார் 165 கிலோகிராமாகத் தோன்றும். ஒவ்வொரு தடவையும் அள்ளக்கூடிய மண்ணில் 94 கிலோகிராம் குறையும். பக்கெட் நீடித்திருக்கும் என்பது மெய்யே. முன் சக்கர பேரிங்குகளும், ஸ்டியரிங் மூட்டுகளும், டயர்களும் அதற்கு விலை கொடுக்கும்.

காவடி சுமப்பவன் இருபுறமும் பாரத்தைக் கட்டுவது போல், டிராக்டரின் பின்னே எதிர் எடை கட்டுவதே இதற்குரிய பரிகாரம். மூன்று முனைத் தூக்கியில், பின் அச்சுக்கு 1 மீட்டர் பின்னால் 400 கிலோகிராம் மாட்டினால், முன் அச்சிலிருந்து 200 குறைந்து 2,015 ஆகும். பின் அச்சு 1,285-ஐப் பெறும். இதற்கு விலையுயர்ந்த வார்ப்பிரும்பு வேண்டியதில்லை. 90 சென்டிமீட்டர் நீளம், 60 அகலம், 31 உயரம் கொண்ட கான்கிரீட் கட்டை ஏறத்தாழ இவ்வெடை உடையது. வார்க்கும்போதே முளைகளுக்கான குழாய்களை உள்ளே பதித்துவிட வேண்டும். பின் டயர்களில் நீர் நிரப்புவது போதாதா என்று பலர் வினவுவர். நீர் பின்சக்கரங்களைத் தரையில் அழுத்தும்; பிடிப்பைத் தரும். ஆனால் அதன் எடை அச்சின் மேலேயே விழுவதால் நெம்புகோலின் நீளம் பூச்சியம். முன் அச்சின் பாரத்தில் ஒரு கிலோகிராமையும் அது குறைப்பதில்லை. அச்சுக்குப் பின்னே தொங்கும் எடையே அதைச் செய்யும்.

கணக்கை நம்பாதவருக்கு எடைமேடை உண்டு. அரிசி ஆலைக்கருகிலுள்ள எடைமேடையில் முன்சக்கரங்களை மட்டும் ஏற்றி, பக்கெட் காலியாக ஒரு முறையும், நிறைந்திருக்க ஒரு முறையும் எடை பார்த்தால் உண்மை எண்களாகவே முன் வந்து நிற்கும். கிருஷி பவன் அலுவலர் ஒருவர் இதை ஒரு முறை உழவர் பலர் முன்னிலையில் செய்து காட்டினால், பத்துச் சொற்பொழிவுக்கு அது ஈடாகும். அந்த எடை, தயாரிப்பாளர் முன் அச்சுக்கு விதித்துள்ள எல்லைக்குள் இருக்கிறதா என்பதை டிராக்டரின் கையேட்டைக் கொண்டு சரிபார்க்கலாம். மத்தியப் பிரதேசத்தில் புத்னி என்னுமிடத்தில் 1955-இல் தொடங்கப்பெற்ற மத்திய அரசு நிலையம் டிராக்டர்களைச் சோதித்து வெளியிடும் அறிக்கைகளிலும் அச்சு வாரியான எடை தரப்பட்டிருக்கும்.

மலைச்சரிவில் நேர்வது

சமவெளியில் அச்சைத் தேய்க்கும் முன்பாரம், மலையில் டிராக்டரையே கவிழ்க்கிறது. காரணம் பலருக்கும் தெரியாதது. நான்கு சக்கரங்கள் உள்ளமையால் டிராக்டர் செவ்வகத் தளத்தின்மேல் நிற்கிறது என எண்ணுகிறோம். ஆனால் முன் அச்சு, மேடுபள்ளங்களுக்கேற்ப ஆடுவதற்காக, நடுவே ஒரே ஒரு முளையில் பொருத்தப்பட்டுள்ளது. ஆகவே அவ்வச்சு தன் எல்லைவரை ஆடி முட்டும்வரையில், டிராக்டரின் உடல் நிற்பது முக்கோணத்தின்மேலேயே. பின்சக்கரங்கள் இரண்டும் அதன் இரு மூலைகள். முன் முளை மூன்றாவது மூலை. பாரம் முன்னே நகர நகர, ஈர்ப்பு மையமும் முக்கோணத்தின் கூர்முனையை நோக்கி நகர்கிறது. அங்கே தாங்கும் அகலம் குறுகிவிடுகிறது.

முன் கணக்கையே தொடர்வோம். பின்சக்கரங்களின் இடைவெளி 1.3 மீட்டர் எனில், லோடர் இல்லாத டிராக்டருக்கு ஈர்ப்பு மையத்தின் கீழே இருபுறமும் 39 சென்டிமீட்டர் இடமுண்டு. லோடர் பூட்டிப் பக்கெட் நிறைந்தால் அது 15 சென்டிமீட்டராகச் சுருங்கும். பின்னே எதிர் எடை கட்டினால் 25 சென்டிமீட்டருக்கு மீளும். இதற்கு மேல், பக்கெட்டை உயரே தூக்கியபடி ஓட்டினால் ஈர்ப்பு மையம் மேலெழுந்து, சிறு சாய்வும் எல்லையைக் கடக்கப் போதுமானதாகிறது. பக்கெட்டைத் தரையிலிருந்து ஒரு முழத்துக்குள் வைத்தே செல்ல வேண்டும் என்ற விதி இதன் பொருட்டே.

ஆசிரியர்கள் ஒரு சிறு பலகையின் பின்விளிம்பில் இரு ஆணிகளும் முன்விளிம்பின் நடுவில் ஓர் ஆணியும் அடித்து, அவற்றைக் கால்களாகக் கொண்டு அதை நிறுத்தட்டும். பின்பாகத்தில் ஒரு கல்லை வைத்து, மேசையை மெல்லப் பக்கவாட்டில் சாய்த்து, எப்போது விழுகிறது எனக் குறிக்கட்டும். பின் அதே கல்லை முன்னே நகர்த்தி மீண்டும் சாய்க்கட்டும். பிள்ளைகள் ஒரு மணி நேரத்தில் கற்றுக்கொள்ளும் இப்பாடத்தை மாலையில் வீட்டுக்கும் எடுத்துச் செல்வர். இடுக்கியில் அவ்வீடுகள் பலவும் சரிவில்தான் உள்ளன.

இன்னொரு செய்தி பிரேக்கைப் பற்றியது. பெரும்பாலான உழவு டிராக்டர்களில் பிரேக் பின்சக்கரங்களில்தான் உண்டு. நம் கணக்கில் பின் அச்சின் எடை 1,200-இலிருந்து 685-ஆகக் குறைந்ததைக் கண்டோம். நிறைந்த பக்கெட்டுடன் முகம் பள்ளத்தை நோக்க இறங்கினால் அது மேலும் குறையும். ஈரச் சாலையில் பிரேக்கை மிதித்தாலும் சக்கரம் வழுக்கும். ஆதலால் நிறைந்த பக்கெட் எப்போதும் மேட்டை நோக்கியிருக்க வேண்டும்: ஏறும்போது முன்னோக்கி, இறங்கும்போது பின்னோக்கி. பக்கெட் காலியாகவும் பின்னே எதிர் எடை மாட்டியும் இருந்தால் நிலை தலைகீழாகும். அப்போது முன்புறம் தூக்கும் ஆபத்து உண்டு. நான்கு சக்கரங்களிலும் விசை செல்லும் டிராக்டர் லோடருக்கு உகந்தது. அதன் முன் அச்சு வலியது. முன்சக்கர விசையைப் பூட்டி இறங்கினால் பிரேக்கின் தடையும் நான்கு சக்கரங்களுக்கும் பகிரப்படுகிறது. ஓட்டுநருக்கு மேலே கவிழ்வுக் காப்புச் சட்டமும், இடுப்புவாரும் வேண்டும். சட்டம் இருந்து வார் கட்டாதவரைக் காக்க இயலாது.

இவ்விடத்தில் வெளிப்படையாக ஒன்று கூறலாம். வட்டவடையிலும் காந்தளூரிலும் காய்கறி விளையும் படிக்கட்டு வயல்களில் டிராக்டர் லோடருக்கு வேலையே இல்லை. அங்கு உழவர் கேட்டாலும் கள அலுவலர் மறுத்துரைப்பதே நல்லது. மறையூர்ப் பள்ளத்தாக்கின் சமதளமான கரும்பு வயல்களிலும், வெல்லம் காய்ச்சும் கொட்டகைகளின் அருகே சக்கையை ஒதுக்குவதிலும் அது நன்கு பயன்படும்.

எந்த மண், எந்த எஃகு?

பக்கெட் முழுவதும் ஒரே சீராகத் தேய்வதில்லை. முதலில் தேய்வது மண்ணைக் கீறும் கீழ் உதடு. அடுத்து அதன் இரு மூலைகள். பின்னர் அடித்தகட்டின் முன்பாகம். பின்சுவர் ஆண்டுக்கணக்கில் அப்படியே நிற்கும். ஆகவே முழுப் பக்கெட்டையும் தடித்த தகட்டால் செய்வது வேட்டி முழுவதற்கும் கரை போடுவதை ஒக்கும். மெல்லிய உடலும், உதட்டில் மட்டும் வன்மையான எஃகுப் பட்டையும் கொண்ட பக்கெட்டே தேர்வுக்குரியது. அப்பட்டை பற்றவைக்கப்படாமல் போல்ட்டுகளால் பூட்டப்பட்டிருந்தால், ஒரு விளிம்பு தேய்ந்ததும் திருப்பி மாட்டி மறு விளிம்பைப் பயன்படுத்தலாம்.

பாலக்காட்டின் மேட்டு நிலங்களில் காணும் வெட்டுக்கல் மண் இவ்வகையில் மிகக் கொடியது. பிரான்சிஸ் புக்கானன் என்பார் பக்கத்து மலப்புறம் மாவட்டத்து அங்காடிப்புறத்தில் கண்ட இக்கல்லுக்கு 1807-இல் வெளியிட்ட நூலில் லேட்டரைட் எனப் பெயரிட்டார். வெட்டும்போது மெதுவாக இருந்து காற்றுப்பட்டபின் இறுகும் இயல்புடையது அது. அதிலுள்ள இரும்பு ஆக்சைடு உருண்டைகளும் குவார்ட்ஸ் மணலும் அரத்தைப் போல் எஃகை அராவுகின்றன. குவார்ட்ஸ் சாதாரண எஃகைவிடப் பன்மடங்கு கடினமானது. சாதாரணக் கட்டுமான எஃகின் கடினம் பிரினெல் அளவில் 120 முதல் 150 வரை. தேய்மானத்தைத் தாங்குமாறு வெப்பப் பக்குவம் செய்யப்பட்ட தகடுகள் 400, 500 என்ற அளவில் கிடைக்கின்றன. உதட்டுக்கு இவையே ஏற்றவை.

"மாங்கனீஸ் எஃகு" என்று சொல்லி விற்பதைக் கண்டு மயங்க வேண்டாம். 1882-இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ராபர்ட் ஹாட்ஃபீல்டு கண்டுபிடித்த அவ்வெஃகு அரிய பொருளே. ஆயினும் அது கல்லுடைக்கும் இயந்திரத்தில் ஓயாது அடி வாங்கும்போதுதான் மேற்பரப்பு இறுகிக் கடினமாகும். மணலின் மெல்லிய உராய்வால் அது இறுகுவதில்லை; எனவே பண்ணை மண்ணில் அதன் சிறப்பு வெளிப்படாது.

சித்தூரின் கரிசல் மண் இதற்கு நேர்மாறு. அது எஃகை அதிகம் அராவாது; ஆனால் ஈரத்தில் பக்கெட்டோடு ஒட்டிக்கொண்டு இறங்க மறுக்கும். ஒட்டிய மண்ணை உதறுவதற்காகக் கைகளை மேலே தூக்கிப் படபடவென்று அடிப்பது ஓட்டுநர்களின் வழக்கம். முளைகளும் பற்றவைப்புகளும் விரிவது பெரும்பாலும் இவ்வடியினால்தான். ஆழம் குறைந்த, மூலைகள் வளைந்த பக்கெட்டைத் தேர்ந்தால் மண் தானே வழுக்கி விழும். மாலையில் மண்வெட்டியால் வழித்துவிடுவது அதைவிட மலிவு.

பக்கெட்டின் அளவைப் பொருளைக் கொண்டே முடிவு செய்ய வேண்டும். ஒரு கன மீட்டர் ஈர மண் ஏறத்தாழ 1,700 கிலோகிராம். ஈரச் சாணம் அதில் பாதி. உதிரி வைக்கோல் நூறு கிலோகிராமுக்கும் குறைவு. 0.3 கன மீட்டர் பக்கெட்டில் மண் நிரப்பினால் 510 கிலோகிராம். ஆகவே சாணத்துக்கென்று வாங்கிய பெரிய பக்கெட்டை ஒருநாள் வண்டலில் விட்டால் டிராக்டர் தன் அளவைக் கடந்துவிடும். பால்மாடுகள் மிகுந்த சித்தூர்ப் பகுதியில் தொழுவ எருவுக்கு முள்வாரியே சிறந்தது: எடை குறைவு, நார் கலந்த எருவில் எளிதில் நுழையும். அதன் முட்கள் அடித்துப் பக்குவம் செய்த எஃகாலானவை. வளைந்தாலோ ஒடிந்தாலோ புதியதை மாட்ட வேண்டுமேயன்றிப் பற்றவைக்கலாகாது. வெப்பம் பட்ட இடத்தில் பக்குவம் போய், அங்கேயே மீண்டும் ஒடியும்.

நெல்வயலுக்கும் ஒரு சொல். ஈரம் காயாத வயலில் லோடருடன் இறங்கினால், இரண்டு டன்னுக்கு மேற்பட்ட பாரம் இரு சிறு டயர்கள் வழியே சேற்றில் அழுந்தும். அடிமண் இறுகி வேர் இறங்காது. 2018 ஆகஸ்டு வெள்ளத்தை அடுத்துச் செய்ததுபோல் வயலில் படிந்த மணலை அகற்ற நேர்ந்தாலும், மண் காயும்வரை காத்திருப்பதே முறை. லோடர் வயலை மேடாக்கவும் வல்லது என்பதால், 2008-ஆம் ஆண்டின் கேரள நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டத்தையும் வாடகைக்கு விடுவோர் அறிந்திருக்க வேண்டும்.

பேணும் முறை

லோடரின் ஆயுள் முளைகளில் உள்ளது. ஒவ்வொரு மூட்டிலும் கடினமான முளையும் அதைச் சுற்றி மெதுவான புஷ்ஷும் உண்டு; மலிவான புஷ் தேய்ந்து முளையைக் காக்கிறது. நாள்தோறும் வேலை முடிந்ததும் கிரீஸ் செலுத்தினால், பகலில் புகுந்த தூசு வெளியேறிவிடும். காலையில் செலுத்துவதைவிட இதுவே நன்று; இரவு ஈரம் மூட்டில் நுழையாது. வாடகை மையங்களில் பல கைகள் ஒரே இயந்திரத்தை இயக்குவதால், கிரீஸ் போட்டவர் கையொப்பமிடும் ஏடு ஒன்று இயந்திரத்தோடேயே இருக்கட்டும். எருவும் பொட்டாஷ் உரமும் பட்ட எஃகு மழைக்காலத்தில் விரைந்து துருப்பிடிக்கும். நீரால் கழுவி, உலர்ந்தபின் பழைய எண்ணெய் தடவுக.

பற்றவைப்பு வேலைக்கு முன் பேட்டரி இணைப்பைக் கழற்ற வேண்டும். பூமிக் கம்பியைப் பற்றவைக்கும் இடத்துக்கு அருகிலேயே மாட்டாவிட்டால் மின்னோட்டம் மூட்டுகளின் வழியே பாய்ந்து புஷ்ஷைப் பொசுக்கும். வன்மையான எஃகில் ஈரம் ஏறிய மின்வாய்க் குச்சிகளைப் பயன்படுத்தினால், ஈரத்திலுள்ள ஹைட்ரஜன் உள்ளே புகுந்து, மறுநாள் விரிசல் காணும். இடுக்கியின் மழை மாதங்களில் குச்சிகளை அடுப்பில் உலர்த்தாமல் தொடவே கூடாது.

ஹைட்ராலிக் அமைப்பில் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 150 கிலோகிராம் எனில், 5 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒரு சிலிண்டர் ஏறத்தாழ 2,900 கிலோகிராம் விசையைத் தரும். இன்னும் சற்றுத் தூக்க வேண்டுமென்று ரிலீஃப் வால்வைத் திருகி இறுக்குவோர் உண்டு. அது அச்சையும் கைகளையும் காக்கும் ஒரே காவலனைத் துரத்துவதாகும். நிறுத்தும்போது பக்கெட்டைத் தரையில் இறக்கி, எஞ்சினை அணைத்து, நெம்புகோலை இருபுறமும் அசைத்து எஞ்சிய அழுத்தத்தை வெளியேற்றுக. தூக்கிய கைகளின் கீழ், முட்டுக் கொடாமல் எவரும் நுழையலாகாது.

எண்ணெய்க் குழாயில் கசிவைத் தேட விரலால் தடவிப் பார்ப்பது கொடிய பழக்கம். ஊசிமுனையளவு துளையிலிருந்து பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே செல்லும். ஓர் அட்டைத் துண்டை அருகே பிடித்தால் எண்ணெய்க் கறை இடத்தைக் காட்டிவிடும். அப்படி எவருக்கேனும் நேர்ந்துவிட்டால், காயம் முள் குத்தியது போலச் சிறிதாகத் தோன்றும். வலியும் முதலில் இராது. எனினும் காலம் தாழ்த்தாமல் அறுவை மருத்துவமுள்ள மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று, அழுத்தத்தோடு எண்ணெய் ஏறியது என்பதை மருத்துவரிடம் தெளிவாகச் சொல்ல வேண்டும்.